அரைப் புள்ளியின் பாரம்



சென்ற திங்கள் நமக்கு வந்த மடல்களுள் ஒன்று நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. எழுதியவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவருடைய மூத்த மகள் செவிலியர் பட்டம் பெற்று நான்காண்டுகள் மருத்துவமனையில் பணி புரிந்தவள். வெளிநாட்டுப் பணிக்கு விண்ணப்பிப்பதற்காக ஆங்கிலத் தேர்வு ஒன்றை எழுதினாள். கேட்டல், பேசுதல், படித்தல் ஆகிய மூன்றிலும் வேண்டிய தகுதி கிடைத்தது. கட்டுரைப் பகுதியில் மட்டும் அரைப் புள்ளி குறைந்தது. மூன்று மாதங்கள் இரவுப் பணி முடிந்து வந்து, உறக்கத்தைத் துறந்து பயின்று, மீண்டும் எழுதினாள். இம்முறை முன்னதைக் காட்டிலும் மேலும் அரைப் புள்ளி குறைந்தது.

தந்தையார் எழுதுகிறார்: “முப்பத்திரண்டு ஆண்டுகள் விடைத்தாள் திருத்தியவன் நான். காலையில் திருத்திய தாளுக்கும் மாலையில் திருத்திய தாளுக்கும் என் கை ஒரே அளவாய் இருந்ததென்று சத்தியம் செய்ய என்னால் இயலாது. இப்பொழுது கணிப்பொறியே கட்டுரைகளைத் திருத்துகிறது என்கிறார்கள். என் மகள் எழுதியதை ஒரு மனிதர் படித்தாரா, ஒரு பொறி எண்ணிப் பார்த்ததா? இவ்விரண்டில் எதனை நாங்கள் நம்புவது? மூன்று மாதப் படிப்பில் அவளுடைய ஆங்கிலம் தேய்ந்தா போயிற்று?”

அவருக்குத் தனியே மறுமொழி எழுதினோம். ஆயினும் இது ஒரு வீட்டின் கேள்வி மட்டுமன்று. செவிலியராகவும் மாணவராகவும் கடல் கடந்து செல்ல விழையும் பிள்ளைகள் உள்ள இல்லங்கள் பலவற்றிலும் இக்கேள்வி உண்டு. பிரிட்டனின் செவிலியர் மன்றம் ‘ஐ.இ.எல்.டி.எஸ்.’ தேர்வின் எழுத்துப் பகுதியில் கேட்டு வந்த 7 புள்ளியை 2018 டிசம்பரில் 6.5 ஆகத் தளர்த்தியது. அதுவரை 6.5 பெற்றவர் தகுதியற்றவர். அன்றுமுதல் அவரே தகுதியுடையவர். அரைப் புள்ளியில் ஒரு குடும்பத்தின் வாழ்வே திரும்பக்கூடுமாயின், அப்புள்ளி எவ்வாறு பிறக்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் நன்று.

தராசும் எடையும்

முதலில் இரண்டு செய்திகளைப் பிரித்து உணர வேண்டும். ஒரே மூட்டை அரிசியை ஒரே தராசில் பத்து முறை நிறுத்தால் பத்து முறையும் ஒரே எடை காட்ட வேண்டும். இது தராசின் நம்பகம். அவ்வாறு காட்டிய எடை மெய்யான எடையாகவும் இருக்க வேண்டும். இது அதன் செம்மை. எப்போதும் ஐம்பது கிராம் கூட்டியே காட்டும் கடைக்காரரின் தராசு முதற் சோதனையில் தேறிவிடும், இரண்டாவதில் தோற்றுவிடும். நாள்தோறும் தவறாமல் ஒரே பொய்யைச் சொல்வதால் பொய் மெய்யாகிவிடுவதில்லை அன்றோ?

கட்டுரை திருத்துவதில் இவ்விரண்டும் சிக்கலாகின்றன. அரிசிக்கு மெய்யான எடை ஒன்று உண்டு. கட்டுரைக்கு அத்தகைய எடையை எங்கே போய்த் தேடுவது? தேர்ந்த வாசகர் பலர் கூடி என்ன சொல்கிறார்களோ அதையே அளவாகக் கொள்ள வேண்டியிருக்கிறது. அத்தேர்ந்த வாசகர்களும் தமக்குள் ஒத்துப்போவதில்லை என்பதே நூறாண்டுகளுக்கு மேலாக அறிஞர்கள் கண்டு வரும் உண்மை.

மனிதக் கை எவ்வளவு உறுதியானது?

எட்ஜ்வொர்த் என்னும் பொருளியலறிஞர் 1888-லும் 1890-லும் தேர்வுகளில் தற்செயலுக்குள்ள பங்கை ஆராய்ந்து இங்கிலாந்தில் கட்டுரைகள் வெளியிட்டார். ஒரே லத்தீன் உரைநடைத் தாளை, திறமை வாய்ந்த 28 தேர்வாளர்கள் தனித்தனியே திருத்தியதை அவர் எடுத்துக் காட்டினார். அவர்கள் அளித்த மதிப்பெண்கள் 45 முதல் 100 வரை விரிந்து கிடந்தன. எழுதியவர் ஒருவரே, எழுத்தும் ஒன்றே. ஒரு நடுவர் கண்ணில் அது குறையேயில்லாதது. மற்றொருவர் கண்ணில் பாதி தேறாதது.

அமெரிக்காவில் 1912-ஆம் ஆண்டு ஸ்டார்ச், எலியட் என்னும் இருவர் உயர்நிலைப்பள்ளி மாணவர் எழுதிய ஆங்கில விடைத்தாளைப் படியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினர். 142 ஆசிரியர்கள் திருத்தி அனுப்பினர். ஒரே தாளுக்கு 50-லிருந்து 95-க்கும் மேலாக மதிப்பெண்கள் வந்தன. ‘மொழிப்பாடம் அப்படித்தான், கணக்கில் இவ்வாறு நேராது’ என்று சிலர் சொல்லக்கூடும் என எண்ணி, மறு ஆண்டில் வடிவகணிதத் தாளையும் அனுப்பினர். அங்கும் 28-லிருந்து 90-க்கு மேல் வரை வேறுபாடு காணப்பட்டது.

வெவ்வேறு மனிதர் வேறுபடுவது இருக்கட்டும். ஒரே மனிதர் தம்மோடு தாமே ஒத்துப்போகிறாரா? 1935-இல் ஹார்ட்டாக், ரோட்ஸ் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்லிற்று. முன்பு ஒரே மதிப்பெண் பெற்றிருந்த 15 வரலாற்றுத் தாள்களைத் தேர்வாளர்களிடம் கொடுத்துத் திருத்தச் செய்தனர். ஓராண்டுக்கு மேல் கழித்து அதே தாள்களை அவர்களுள் 14 பேரிடம் மீண்டும் கொடுத்தனர். தேர்ச்சி, தோல்வி, சிறப்பு என்னும் 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின! நம் தலைமையாசிரியர் ஒப்புக்கொண்ட உண்மை இதுவேயாகும். தம் கையை ஐயுற்ற அவருடைய நேர்மையை நாம் போற்றுகிறோம்.

இவ்வேறுபாடு வெறும் சோம்பலாலோ கவனக்குறைவாலோ வருவதன்று. 1961-இல் டீடரிச் என்பவரும் அவருடைய துணைவர்களும் கல்லூரி முதலாண்டு மாணவர் எழுதிய 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்தனர். ஆங்கில ஆசிரியர், சமூகவியலார், அறிவியலார், எழுத்தாளரும் பதிப்பாசிரியரும், வழக்கறிஞர், வணிகத் துறையினர் எனப் பலரும் அவர்களுள் இருந்தனர். ஒன்பது தரங்களாகப் பிரிக்கச் சொன்னார்கள். எந்தக் கட்டுரையும் ஐந்துக்குக் குறைவான தரங்களைப் பெறவில்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை ஒன்பது தரங்களையுமே பெற்றன. காரணத்தை ஆராய்ந்தபோது, திருத்தியவர்கள் ஐந்து வகையினராய்ப் பிரிந்து நின்றது தெரிந்தது. ஒரு சாரார் கருத்தின் ஆழத்தை நோக்கினர். ஒரு சாரார் எழுத்துப்பிழை, இலக்கணப்பிழைகளை எண்ணினர். ஒரு சாரார் கட்டமைப்பைக் கண்டனர். வேறு சிலர் சொல்லாட்சியை மதித்தனர். மற்றுஞ் சிலர் எழுதியவரின் தனித்தன்மையைச் சுவைத்தனர். ஒவ்வொருவரும் தத்தம் அளவில் நேர்மையானவரே. ஆனால் ஒவ்வொருவரும் அளந்தது வேறு பொருள்!

இவை பெரும்பாலும் தாய்மொழியில் எழுதியோரின் தாள்களைப் பற்றியவை. அயல்மொழியாக ஆங்கிலம் கற்போர் எழுதும் கட்டுரையில் இவ்விடர் இன்னும் மிகுகிறது. ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் ‘எ’, ‘தி’ என்னும் சிறு சொற்களுக்குத் தமிழில் இணையில்லை. ஆகவே நம் பிள்ளைகள் அவற்றை விடுவதும் வேண்டாத இடத்தில் சேர்ப்பதும் இயல்பு. கருத்தைப் பின்தொடரும் நடுவர் அவற்றைக் கடந்து சென்றுவிடுவார். பிழையைத் தேடும் நடுவர் ஒவ்வொன்றிலும் தடுக்கி விழுவார். கருத்து முதிர்ந்தும் மொழி இளையதாகவும் உள்ள கட்டுரையே நடுவர்களை மிகுதியாகப் பிரிக்கிறது. மேலும், சிறந்த நான்கு தாள்களுக்குப் பின் வரும் நடுத்தரத் தாள் தாழ்ந்து தோன்றுவதும், அழகிய கையெழுத்து மதிப்பெண்ணை உயர்த்துவதும் ஆசிரியர் அனைவரும் அறிந்தவையே.

பெருந்தேர்வுகளை நடத்துவோர் இக்குறைகளை அறியாதவர் அல்லர். எதற்கு எத்தனை புள்ளி என்று விளக்கமான அளவுகோல் வகுக்கிறார்கள். மாதிரிக் கட்டுரைகளைக் கொண்டு திருத்துநர்களைப் பயிற்றுகிறார்கள். முன்பே தரம் முடிவான தாள்களை இடையிடையே சொல்லாமல் கலந்து வைத்து அவர்களையே சோதிக்கிறார்கள். அயல்மொழியாளருக்கான ‘டோஃபல்’ தேர்வு 1964-இல் தொடங்கியது; 1986-இல் அதனோடு கட்டுரைத் தேர்வு சேர்க்கப்பட்டபோது, ஒவ்வொரு தாளையும் இருவர் தனித்தனியே 1 முதல் 6 வரை மதிப்பிட்டனர். இருவரும் ஒரு புள்ளிக்கு மேல் வேறுபட்டால் மூன்றாமவர் படித்தார். இத்தகைய ஏற்பாடுகளால் வேறுபாடு வெகுவாகக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. இலட்சக்கணக்கான தாள்களை இருமுறை படிப்பிக்க ஆகும் காலமும் பொருளும் கொஞ்சமல்ல. அந்நெருக்கடியில்தான் பொறி உள்ளே வந்தது.

பொறி கற்ற பாடம்

கட்டுரை திருத்தும் கணிப்பொறி நேற்று முளைத்ததென்று பலர் எண்ணுகிறார்கள். அமெரிக்காவில் எல்லிஸ் பேஜ் என்பவர் 1966-ஆம் ஆண்டிலேயே அதன் வருகையை அறிவித்துக் கட்டுரை எழுதினார். அவர் முன்னர் உயர்நிலைப்பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தவர். கட்டுரைக் கட்டுகள் ஆசிரியரின் ஓய்வை விழுங்குவதை உணர்ந்தவர். துளையிட்ட அட்டைகளில் கட்டுரையைப் பொறித்துக் கணிப்பொறிக்கு ஊட்டிய காலம் அது.

பேஜின் வழி எளியது. எழுத்தின் உண்மைத் தரத்தைப் பொறியால் காண இயலாது. ஆனால் அத்தரத்தோடு சேர்ந்து வரும் அடையாளங்களை அதனால் எண்ண முடியும். கட்டுரையின் நீளம், சொற்களின் சராசரி நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை, அருகி வழங்கும் சொற்கள் ஆகியவை அத்தகைய அடையாளங்கள். மனிதர் ஏற்கனவே திருத்திய கட்டுரைகளைக் கொடுத்து, எந்த அடையாளத்துக்கு எத்தனை மதிப்பளித்தால் மனிதரின் மதிப்பெண்ணுக்கு மிக அருகில் வரலாம் என்று கணக்கிடச் செய்தார். புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது போன்றது இது. பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் நெருப்பில்லாமலே புகை எழுப்பத் தெரிந்தவன் வந்துவிட்டால் என் செய்வது?

பிற்காலத்துப் பொறிகள் இலக்கணப் பிழை, சொல்வளம், பத்தி அமைப்பு எனப் பலவற்றைக் கூடுதலாகக் காணக் கற்றன. ‘இ-ரேட்டர்’ என்னும் பொறி 1999-இல் மேலாண்மைக் கல்விக்கான ‘ஜிமேட்’ தேர்வில் ஒரு மனிதத் திருத்துநருக்கு இணையாக அமர்த்தப்பட்டது. இரண்டும் ஒரு புள்ளிக்கு மேல் வேறுபட்டால் மற்றொரு மனிதர் படிப்பார். 2009-இல் ‘டோஃபல்’ கட்டுரைக்கும் அது வந்தது. அதே 2009-இல் தொடங்கிய பியர்சன் நிறுவனத்தின் ஆங்கிலத் தேர்வில் எழுத்தையும் பேச்சையும் கணிப்பொறியே மதிப்பிடும் ஏற்பாடு அமைந்தது. 2012-இல் ஹியூலெட் அறக்கட்டளை நடத்திய போட்டியில் பல நிறுவனங்களின் பொறிகள் பள்ளி மாணவர் கட்டுரைகளுக்கு இட்ட மதிப்பெண்கள், மனிதர் இட்டவற்றோடு மிக நெருங்கி நின்றன.

பொறியின் நற்பண்புகளை மறுப்பதற்கில்லை. அதற்குப் பசியில்லை, களைப்பில்லை, தலைவலியில்லை. விடியற்காலைத் தாளுக்கும் நள்ளிரவுத் தாளுக்கும் ஒரே அளவு. எழுதியவரின் முகத்தையும் பெயரையும் அது பார்ப்பதில்லை. நல்ல ஆங்கில ஆசிரியர் கிட்டாத சிற்றூரில் இருக்கும் மாணவி நாளுக்குப் பத்துக் கட்டுரை எழுதிக் காட்டினாலும் அது சலிப்பதில்லை. தராசின் முதற் சோதனையாகிய நம்பகத்தில் எண்ணும் பொறி மனிதரை வென்றுவிடுகிறது.

இரண்டாம் சோதனையோ வேறு. பொறி யாரிடம் பாடம் கற்றது? மனிதத் திருத்துநர்களிடமே கற்றது. ‘மனிதரோடு ஒத்துப்போகிறது’ என்பதே அதற்குக் கிடைக்கும் மிகப்பெரிய நற்சான்று. ஐம்பத்து மூன்று பேர் ஐந்து வகையாய்ப் பிரிந்து நின்றார்களே, அத்தகையோர் இட்ட மதிப்பெண்களின் சராசரிச் சாயலையே அது கற்றுக்கொள்கிறது. ஆசிரியர்களின் பொதுவான சாய்வு எதுவோ அது பொறியின் நிலையான சட்டமாகிவிடுகிறது. ஒரு மனிதரின் தவறு சில தாள்களோடு நிற்கும். பொறியின் தவறு நாடெங்கும் ஒரே அச்சாய்ப் பதியும்.

நெருப்பில்லாத புகை

2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ‘இ-ரேட்டர்’ பொறியை உருவாக்கிய நிறுவனமே அறிஞர்களை அழைத்து, ‘எங்கள் பொறியை ஏமாற்றிப் பாருங்கள்’ என்றது. அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஒருவர் சில பத்திகளை எழுதி அவற்றையே 37 முறை திரும்பத் திரும்பப் படியெடுத்து அனுப்பினார். பொறி அதற்கு மிக உயர்ந்த மதிப்பாகிய 6 அளித்தது. பள்ளிச் சிறுவனும் இவ்வேமாற்றை ஒரே பார்வையில் கண்டுபிடித்திருப்பான்!

பின்னர் வந்த பொறிகள் இத்தகைய தந்திரங்களைக் கண்டறியப் பழகின. ஆயினும் 2014-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் ‘பேபல்’ என்றொரு பொறியைச் செய்தார். இரண்டு மூன்று சொற்களைக் கொடுத்தால் அது நொடியில் ஒரு நீண்ட கட்டுரையைக் கொட்டும். சொற்கள் கடினமானவை, வாக்கியங்கள் இலக்கணம் பிழையாதவை, பொருளோ கடுகளவும் இல்லை. அந்த அர்த்தமற்ற கட்டுரையைத் திருத்தும் பொறி ஒன்று படித்து 6-க்கு 5.4 அளித்தது. ஒரு பொறி எழுத, மற்றொரு பொறி மெச்ச, இடையில் பொருள் என்பதே இல்லாமற் போயிற்று.

இதைவிடக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. அந்நிறுவனத்தாரே பல ஆண்டுகள் செய்த ஆய்வுகளில், சராசரியில் மனிதரும் பொறியும் ஒத்திருந்தாலும், சில பிரிவினரிடத்தில் வேறுபடுவது தெரிந்தது. சீன நாட்டவரின் கட்டுரைகளுக்கு மனிதரைக் காட்டிலும் பொறி கூடுதலாக அளித்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும், சில ஆய்வுகளில் அரபு, ஸ்பானிய, இந்தி மொழியினருக்கும் குறைத்து அளித்தது. மொத்தச் சராசரி சரியாக இருப்பது குறைந்து பெற்றவருக்கு என்ன ஆறுதல் தரும்? ஆற்றின் சராசரி ஆழம் முழங்காலளவு என்று கேட்டு இறங்கியவன் மடுவில் மூழ்கிய கதையாகவன்றோ அது முடியும்? அந்நிறுவனம் மனிதரின் மதிப்பெண்ணையும் உடன் சேர்த்து இவ்வேறுபாட்டின் விளைவைக் குறைக்க முயன்றது.

2022-இன் இறுதியிலிருந்து ‘சாட்ஜிபிடி’ போன்ற புதிய வகைப் பொறிகள் பரவியுள்ளன. இவை வெறுமனே எண்ணுவதோடு நில்லாமல், வாதம் எங்கே தளர்கிறது என்றுகூடச் சொல்கின்றன. ஆனால் பழைய பொறியின் தனிப்பெருமையாகிய உறுதி இவற்றில் குறைந்துவிட்டது. ஒரே கட்டுரையை இரண்டு முறை கொடுத்தால் இரண்டு மதிப்பெண் வரக்கூடும். கேள்வி கேட்கும் சொற்களை மாற்றினாலும் விடை மாறக்கூடும். மனிதரின் நிலையாமை பொறிக்கும் வந்து சேர்ந்தது என்றே சொல்லலாம்.

இதனோடு ஒரு புதிய அநீதியும் முளைத்தது. ‘இதை எழுதியது மனிதரா, பொறியா’ என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகள் பல வந்தன. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். அயல்மொழியாளர் தம் கைப்பட எழுதிய 91 ‘டோஃபல்’ கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றைப் பொறி எழுதியவை என்று அக்கருவிகள் பழித்தன. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவரின் கட்டுரைகளையோ ஏறக்குறையச் சரியாகவே கண்டுகொண்டன. எளிய, எதிர்பார்க்கத்தக்க சொற்களால் எழுதுவதே பொறியின் அடையாளம் என்று அவை கொண்டிருந்தன. அளவான சொல்வளத்தோடு அயல்மொழியில் உழைத்து எழுதுவோர் வேறெவ்வாறு எழுத இயலும்?

யார் கையில் தீர்ப்பு?

ஆட்சியாளர்கள் இவ்விடத்தில் ஒரே வழியில் செல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் நாடளாவிய ‘நாப்லான்’ பள்ளித் தேர்வின் எழுத்துத் தாள்களைப் பொறி திருத்தும் திட்டத்தை 2018-இல் கல்வி அமைச்சர்கள் கைவிட்டனர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலமோ 2024-இல் பள்ளித் தேர்வின் எழுத்து விடைகளைப் பொறியிடம் ஒப்படைத்து, ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டும் மனிதர் மீண்டும் படிக்கச் செய்தது. முந்திய ஆண்டில் ஆறாயிரம் பேர் செய்த பணிக்கு இரண்டாயிரத்துக்கும் குறைவானவர் போதுமென்றாயிற்று.

நம் கருத்து யாதெனில், மனிதரை நம்புவதா பொறியை நம்புவதா என்ற கேள்வியே சற்றுத் திருத்தப்பட வேண்டியது. இரண்டும் தவறும், ஆனால் வெவ்வேறு வகையில் தவறும். மனிதர் களைத்துத் தவறுவார், பொறி களைக்காமல் தவறும். மனிதர் ஒன்றைப் புரிந்துகொண்டு மாறுபடுவார், பொறி புரியாமல் ஒத்துப்போகும். ஆகவே ஒன்றை மற்றொன்று கண்காணிக்குமாறு இரண்டையும் வைப்பதே அறிவுடைமை. ஒரு மனிதரின் எதிர்காலம் தொங்கும் இடத்தில், படித்துப் பொருள் உணரும் ஒருவர் கண் அத்தாளின்மீது படாமல் இறுதித் தீர்ப்பு எழுதப்படலாகாது. ‘இதை மறுபடியும் பாருங்கள்’ என்று கேட்கும் உரிமையும், அம்மறுமொழியை ஒரு மனிதரிடமிருந்து பெறும் உரிமையும் எழுதியவருக்கு இருக்க வேண்டும்.

இனித் தலைமையாசிரியரின் கேள்விக்கு வருவோம். ‘அவளுடைய ஆங்கிலம் தேய்ந்தா போயிற்று?’ தேய்ந்திருக்க வேண்டியதில்லை. நடுவர் மாறினார், தலைப்பு மாறிற்று, அன்றைய உடல்நிலை மாறியிருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதமாகலாம். ஒருவருடைய மொழியறிவுக்கு ஓரிரு கட்டுரைகள் பதமாகா. அரைப் புள்ளி ஏற்ற இறக்கம் என்பது இந்த அளவுகோலின் இயல்பான நடுக்கத்துக்குள் அடங்கக்கூடியதே. ஆகவே அவ்வெண்ணைக் கொண்டு பிள்ளையை அறிவிலி என்று எண்ணுவதும், அவளே தன்னை அவ்வாறு எண்ண விடுவதும் கூடாது.

தேர்வெழுதுவோர் உள்ள இல்லங்களுக்குச் சில சொல்ல விரும்புகிறோம். பணம் கட்டுமுன், அத்தேர்வில் கட்டுரையைத் திருத்துவது மனிதரா, பொறியா, இரண்டுமா என்று கேட்டறியுங்கள். தேவையான புள்ளியைச் சரியாகத் தொடுவதை இலக்காகக் கொள்ளாமல், அளவுகோலின் நடுக்கத்துக்கும் இடம் விட்டு அதற்குச் சற்று மேலே குறிவையுங்கள். மறுமதிப்பீட்டுக்கு வாய்ப்புள்ள தேர்வுகள் பல உண்டு. அதற்குக் காலவரையறையும் உண்டு. மற்றப் பகுதிகளில் நன்கு தேறிக் கட்டுரையில் மட்டும் அரைப் புள்ளி குறைந்தவர்கள் அவ்வாய்ப்பைத் தவற விடலாகாது. பொறியைப் பயிற்சிக்குக் கண்ணாடியாகப் பயன்படுத்துங்கள், பிழைகளைக் காட்டும். ஆனால் வாரம் ஒரு கட்டுரையையாவது மனிதர் ஒருவரிடம் கொடுத்து, ‘நான் சொல்ல வந்தது உமக்கு விளங்கிற்றா?’ என்று கேளுங்கள்.

வாசகர்களுள் ஆசிரியர்களும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பெயரை மறைத்துத் திருத்துங்கள். ஒருவர் தாள் முழுவதையும் ஒருசேரத் திருத்தாமல், ஒரே வினாவை எல்லாருக்கும் திருத்திவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். கட்டு முடிந்தபின் முதல் பத்துத் தாள்களை மீண்டும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். எல்லைக்கோட்டில் நிற்கும் தாளை அருகிலுள்ள ஆசிரியரிடம் மதிப்பெண் சொல்லாமல் நீட்டுங்கள். இவற்றுக்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை.

இதை எழுதி முடிக்கும் வேளையில் தலைமையாசிரியரிடமிருந்து மற்றொரு மடல் வந்தது. நம் வேண்டுகோளின்படி மகளை அமரச் செய்து, இரண்டு தேர்விலும் எழுதியவற்றை நினைவிலிருந்து எழுதச் சொன்னாராம். இரண்டு தலைப்புகளுமே முதியோர் நலத்தை ஒட்டியவை. முதற் கட்டுரையில், இரவுப் பணியின்போது தான் பார்த்துக்கொண்ட ஒரு மூதாட்டியைப் பற்றி நான்கு வரிகள் தன் சொந்த நடையில், சில பிழைகளோடு எழுதியிருக்கிறாள். இரண்டாவதில் அம்மூதாட்டி இல்லை. அவளிருந்த இடத்தில் பயிற்சி நிலையத்தில் மனப்பாடம் செய்த மூன்று பெரிய வாக்கியங்கள் நின்றன. அரைப் புள்ளி குறைந்ததற்கு அதுதான் காரணமா என்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. “ஆனால் முதற் கட்டுரையைப் படித்தபோது என் மகள் செய்யும் பணி என்ன என்பதை நான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டேன்” என்று எழுதியிருக்கிறார்.

வரும் திங்களில் அவள் மீண்டும் எழுதப் போகிறாள். அம்மூதாட்டியும் கட்டுரைக்குள் திரும்பி வருவாள் என நம்புகிறோம்.